மசோதா சட்டமாவதற்கு முன்னே

புதிய விதைச் சட்டத்துக்கான வரைவு மசோதாவை மத்திய சர்க்கார் 2025 நவம்பர் மாத நடுவில் வெளியிட்டு, அதைக் குறித்த அபிப்பிராயங்களை டிசம்பர் 11ஆம் தேதிக்குள் அனுப்பும்படி பொதுஜனங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த நான்கு வாரங்களுக்குள்ளேதான் டிட்வா புயலின் மழை காவிரி டெல்டாவில் கொட்டித் தீர்த்தது. சம்பாப் பயிர் நீரில் அமிழ்ந்து கிடக்க, வரப்பை வெட்டி வடிகாலுக்கு வழி தேடிக்கொண்டிருந்த விவசாயிக்கு, இனித் தான் விதைக்கப்போகும் விதையை ஆளவிருக்கும் சட்டத்தைப் பற்றி யோசித்து எழுதி அனுப்ப அவகாசம் எங்கிருந்து வரும்?

இதில் யாருடைய சதியும் இல்லை. வரைவை வெளியிட்டவர்கள் ஐப்பசி கார்த்திகை மழையைக் கணக்கில் கொள்ளவில்லை, அவ்வளவுதான். ஆனால் விவசாயத்தைப் பற்றிய சட்டங்கள் விவசாய வேலையின் பஞ்சாங்கத்தை அறியாமலே தயாராகின்றன என்பதும், விவசாயிகளின் பிரதிநிதிகள் சட்டமியற்றுவோரைச் சந்திக்கச் செல்லும் வேளையில் பெரும்பாலும் காரியம் முடிந்துபோயிருக்கிறது என்பதும், நம்முடைய ஜனநாயகத்தில் வெகுகாலமாக ஊறிப்போன இரு குறைகள். அவ்விரண்டையும் சேர்த்தே ஆராய வேண்டியிருக்கிறது.

ஒரு ஷரத்து, இரண்டு கேள்விகள்

1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்துக்குப் பதிலாகத் தயாரிக்கப்பட்ட இந்த வரைவு, விற்பனைக்கு வரும் விதை ரகங்களின் பதிவைக் கட்டாயமாக்குகிறது. விதை வியாபாரிகளும் பதிவு பெற வேண்டும் என்கிறது. பொட்டலத்தின் மேல் க்யூஆர் குறியீடு வேண்டும் என்கிறது. பெரிய குற்றங்களுக்கு 30 லட்ச ரூபாய் வரை அபராதமும் சிறைத் தண்டனையும் வைக்கிறது. முளைக்காத விதையை வாங்கி ஒரு போகத்தையே இழந்தவர்கள் இதை வரவேற்பார்கள். விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைத்துக்கொள்ளவும், பிறரோடு மாற்றிக்கொள்ளவும், விற்கவும் தடையில்லை என்றும் வரைவு சொல்கிறது. வியாபாரப் பெயரிட்டு விற்கலாகாது என்பது மட்டும் நிபந்தனை.

கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும் இந்த நிபந்தனையைத் திருத்துறைப்பூண்டிக்கு அருகே உள்ள ஆதிரெங்கத்தில் நின்று வாசித்தால் வேறு விதமாகத் தோன்றும். 174 பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடிச் சேகரித்து, 2018ஆம் ஆண்டில் காலமான நெல் ஜெயராமன் நடத்திவந்த விதைத் திருவிழா அந்த ஊரில்தான் நடந்தது. வருகிறவர்களுக்கு இரண்டு கிலோ விதை கொடுப்பார்கள். வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டு அதை நான்கு கிலோவாகத் திருப்பிக் கொண்டுவந்து தர வேண்டும். ரசீதும் ஒப்பந்தமும் முத்திரையும் இல்லாத இந்தப் பரிவர்த்தனையில்தான், அநேகமாக மறைந்துபோயிருந்த ரகங்கள் மீண்டும் வயல்களுக்குத் திரும்பின.

மாப்பிள்ளைச் சம்பாவையோ கருப்புக் கவுனியையோ காப்பாற்றிவரும் ஒரு கிராமத்துக் குழு, தன் குழுவின் பெயரைச் சாக்கின் மேல் மையால் எழுதி விதை விற்றால், அந்தப் பெயர் வியாபாரப் பெயராகக் கொள்ளப்படுமா, ஆகாதா? முளைக்காத விதையை விற்றவனிடம் வசூலிக்கும் அபராதம் சர்க்கார் கஜானாவுக்குப் போகும். உழவுக் கூலியும் நடவுக் கூலியும் இழந்து நிற்பவனுக்கு ஈட்டுத் தொகை யாரிடமிருந்து, எத்தனை நாளில், எந்த அலுவலகத்தின் மூலம் கிடைக்கும்?

இந்த இரண்டு கேள்விகளையும் கேட்பதற்குச் சட்டப் படிப்பு தேவையில்லை. ஒரு முறை விதை வாங்கி ஏமாந்த அனுபவம் போதும். இத்தகைய கேள்விகள் மசோதா வாக்கெடுப்புக்கு வருமுன் நம் பாராளுமன்ற அங்கத்தினர்களின் கையில் சேர்ந்தால்தான் அவர்கள் சபையில் எழுந்து கேட்பதற்குப் பொருள் இருக்கும். சேராவிட்டால், கட்சிக் கொறடாவின் உத்தரவுப்படி கை தூக்குவதைத் தவிர அவர்களுக்கும் வேறு வேலை இல்லை.

மனு போகும் பாதை

விவசாயிகள் சங்கப் பிரதிநிதிகள் ஒரு மந்திரியையோ சட்டசபை அங்கத்தினரையோ காணச் செல்லும் காட்சி நமக்கெல்லாம் பழக்கமானது. தோளில் பச்சைத் துண்டு, கையில் சால்வை, தட்டச்சு செய்த மனு. அந்த மனுவில் மேகதாது அணை முதல் உள்ளூர் வாய்க்காலின் மதகு வரை பதினைந்து இருபது கோரிக்கைகள். பெற்றுக்கொள்பவர் நின்றபடியே முதற் பக்கத்தைப் புரட்டி, 'கவனிக்கச் சொல்கிறேன்' என்று உதவியாளரிடம் நீட்டுவார், படம் எடுக்கப்படும், அடுத்த குழு உள்ளே வரும்.

அந்தக் காகிதம் அதன்பின் செயலகத்திலிருந்து இயக்குநர் அலுவலகத்துக்கும், அங்கிருந்து ஜில்லா அதிகாரிக்கும், அவரிடமிருந்து வட்டார அலுவலருக்கும் இறங்கி, எந்த மதகைப் பற்றிப் புகார் செய்யப்பட்டதோ அந்த மதகுக்குப் பொறுப்பான அதே சிப்பந்தியின் மேஜைக்கு வந்து சேர்கிறது. 'தங்கள் மனு தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்ற ஒரு வரிக் கடிதம் சில மாதங்களில் மனுதாரருக்கு வரும். மாதந்தோறும் கலெக்டர் அலுவலகங்களில் நடக்கும் குறைதீர் நாள் கூட்டத்துக்கு வழக்கமாகப் போய்வருகிறவர்கள், இந்தக் கடிதத்தின் வாசகத்தைப் பார்க்காமலே ஒப்பிப்பார்கள்.

குறையைத் தீர்க்கக் கேட்பது வேறு. கொள்கையை வகுக்கும்போது உடனிருந்து ஆலோசனை சொல்வது வேறு. முன்னதற்கு அதிகாரி போதும், பின்னதற்குச் சட்டமியற்றுகிறவர் வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதி ஒரே ஆளிடம் கொடுப்பதால், மதகும் சரியாவதில்லை, மசோதாவும் திருந்துவதில்லை. மேகதாதுவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் ஒன்று, மதகைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வேறொன்று என்பதைச் சங்கத் தலைவர்கள் அறியாதவர்கள் அல்லர். ஆனால் மந்திரியைச் சந்திக்கும் சந்தர்ப்பம் எப்போதோ ஒரு முறைதான் வாய்க்கிறது என்பதால், கிடைத்த வேளையில் மனத்தில் உள்ளதையெல்லாம் இறக்கிவைத்துவிடுகிறார்கள். கதவு அடிக்கடி திறக்குமானால் மனு தானாகவே சுருங்கும்.

சுருக்கமான கோரிக்கை பலித்ததற்கு உதாரணம் இல்லாமல் இல்லை. நெல் கொள்முதல் பருவம் அக்டோபர் முதல் தேதியில்தான் தொடங்கும் என்ற விதியால், செப்டம்பரிலேயே குறுவையை அறுத்துவிடும் டெல்டாக்காரர்கள் புதிய விலை கிடைக்காமல் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார்கள். தேதியை ஒரு மாதம் முன்னே தள்ளுங்கள் என்ற ஒற்றைக் கோரிக்கை விடாமல் எழுப்பப்பட்டு, மாநில சர்க்கார் அதை டில்லிக்கு எழுதி, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு மட்டும் செப்டம்பர் 1 என்று மாற்றப்பட்டது. பணச் செலவு அதிகமில்லை, சட்டத் திருத்தமும் இல்லை. ஒரு தேதி மாறியது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறானது நெல்லின் ஈரப்பத விவகாரம். கொள்முதலுக்கு 17 சதவீதம் என்பது எல்லை. அக்டோபர் மழையில் அறுத்த நெல்லைக் களத்திலோ சாலையிலோ கொட்டி, வெயில் வரும்போது விரித்து, மேகம் கறுக்கும்போது தார்ப்பாய் போட்டு மூடி, சாக்குக்காகவும் லாரிக்காகவும் கொள்முதல் நிலையத்து வாசலில் நாட்கணக்கில் காத்துக்கிடக்கிறவனுக்கு, அந்தக் கருவி காட்டும் எண்தான் தலையெழுத்து. மாநில சர்க்கார் தளர்வு கேட்டு எழுதும். டில்லியிலிருந்து குழு வந்து மாதிரி எடுத்துச் செல்லும். 2022 அக்டோபரில் நடந்ததுபோல் சில ஆண்டுகளில் 19 சதவீதம் என்று உத்தரவு வரும். குழு வந்து, சோதனை நடந்து, உத்தரவு இறங்குவதற்குள் முடைப்பட்டவன் தனியார் வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பான். வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. அதை ஒவ்வோர் ஆண்டும் எதிர்பாராத விபத்தாகக் கருதி விசாரணைக் குழு அனுப்பும் விசித்திரம் நம் நாட்டில்தான் நடக்கும்.

மேலூர் கற்றுத்தரும் பாடம்

விவசாயிகளின் பிரதிநிதிகள் நேரில் சென்று பேசியதன் பலன் உடனடியாகக் கிட்டிய சமீபத்து நிகழ்ச்சி மதுரை ஜில்லா மேலூரில் நடந்தது. முல்லைப் பெரியாறு பாசனத்தின் கடைமடையாகிய அப்பகுதியில், அரிட்டாபட்டியையும் அதைச் சுற்றிய கிராமங்களையும் உள்ளடக்கி ஏறத்தாழ 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்துவிட்டதாக 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தபோதுதான் அவ்வூர்க்காரர்களுக்கு விஷயமே தெரிந்தது. அதே அரிட்டாபட்டியைத்தான் 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகச் சர்க்கார் அறிவித்திருந்தது.

டிசம்பர் 9ஆம் தேதி சட்டசபை ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றிற்று. ஜனவரி 7ஆம் தேதி மேலூர்ப் பக்கத்து ஜனங்கள் ஆண்களும் பெண்களுமாகத் திரண்டு மதுரையை நோக்கி நடந்தார்கள். ஜனவரி 22ஆம் தேதி அக்கிராமங்களின் பிரதிநிதிகள் டில்லி சென்று சுரங்கத் துறை மந்திரியைச் சந்தித்தார்கள். மறுநாளே ஏலம் ரத்தாயிற்று. எந்தக் கட்சிக்கு இதில் கீர்த்தி என்ற தர்க்கம் அதன்பின் பல வாரங்கள் நடந்தது; அதைக் கட்சிக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

நாம் கவனிக்க வேண்டியது அதற்கு முந்திய கதை. டங்ஸ்டன் முதலிய முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தை மாநிலங்களிடமிருந்து எடுத்து மத்திய சர்க்காருக்கு அளித்த சட்டத் திருத்தம், 2023 ஜூலை 28ஆம் தேதி மக்களவையிலும் ஆகஸ்டு 2ஆம் தேதி மாநிலங்களவையிலும், மணிப்பூர் விவகாரம் கிளப்பிய அமளியின் நடுவே நிறைவேறியது. அந்த வாரத்தில் மேலூரிலிருந்து யாரும் டில்லிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவிக்கவும் ஆளில்லை. ஒரு பிரதேசமே தெருவில் இறங்கி மூன்று மாதம் பாடுபட்டுத் தடுத்த காரியத்தை, அதற்கு ஓராண்டுக்கு முன்பே அந்தத் தொகுதியின் அங்கத்தினருக்கு எழுதப்படும் ஒரு கடிதம் கேள்விக்கு உள்ளாக்கியிருக்க முடியும். ஏலம் ஒன்றுதான் ரத்தாயிற்று. ஏலம் விடும் அதிகாரத்தைக் கொடுத்த சட்டம் அப்படியே இருக்கிறது.

விவாதமின்றி வந்தவை

சட்டமியற்றுவோரைக் குறை சொல்லாமல் விவசாயிகளை மட்டும் காலந்தவறியவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. 2020 ஜூன் மாதம், கொரோனா முடக்கத்தின் நடுவில், மூன்று வேளாண் அவசரச் சட்டங்கள் பிறப்பிக்கப்பட்டன. செப்டம்பரில் அவை மசோதாக்களாக வந்தபோது தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. அவற்றுள் இரண்டு, மாநிலங்களவையில் செப்டம்பர் 20ஆம் தேதி பெருங்கூச்சலின் இடையே குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. டில்லியின் எல்லைகளில் ஓராண்டுக்கு மேல் விவசாயிகள் குளிரிலும் வெயிலிலும் உட்கார்ந்திருந்த பிறகு, 2021 நவம்பர் 29ஆம் தேதி அந்தச் சட்டங்களை நீக்கும் மசோதா இரு சபைகளிலும் விவாதமில்லாமலே நிறைவேறிற்று. வந்தபோதும் நிதானமாகப் பேசவில்லை, போனபோதும் பேசவில்லை.

டில்லியை மட்டும் கண்டித்துவிட்டுச் சென்னையைப் பற்றி மௌனம் சாதிப்பதும் சரியல்ல. பெரிய தொழில் திட்டங்களுக்காக நீர்நிலைகள் உள்ளிட்ட நிலங்களை ஒன்றுசேர்த்துக் கொடுக்க வழி செய்யும் நில ஒருங்கிணைப்பு மசோதா, 2023 ஏப்ரல் 21ஆம் தேதி, கூட்டத் தொடரின் கடைசி நாளில், நம் சட்டசபையில் விவாதமில்லாமல் நிறைவேறியது. ஏரியும் வாய்க்காலும் தங்களுக்கு என்ன என்று அறிந்த விவசாயிகள் சங்கங்கள் அதைத் திரும்பப் பெறும்படி அன்று முதல் கேட்டுவருகின்றன. வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட்டை 2021ஆம் ஆண்டு முதல் தாக்கல் செய்து, அதற்கு முன்னதாக விவசாயிகளை அழைத்துக் கருத்துக் கேட்கும் நல்ல வழக்கத்தை உண்டாக்கிய அதே சபையில் இது நடந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது. செலவைப் பற்றி ஆலோசனை கேட்கப்படுகிறது. சட்டத்தைப் பற்றிக் கேட்கப்படுவதில்லை.

மசோதாக்களைக் குழுவுக்கு அனுப்பி ஆராயும் வழக்கமே பாராளுமன்றத்தில் தேய்ந்துவருகிறது. 15வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 2024இல் முடிவடைந்த 17வது மக்களவையில் அது 16 சதவீதம். சாதாரண விவசாயிக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். குழு என்பது சாட்சிகளை அழைத்துக் கேட்கும் இடம். சபையில் ஐந்து நிமிஷம் பேச நேரம் கிடைக்காத அங்கத்தினர், கட்சிக் கட்டுப்பாட்டைச் சற்று மறந்து நிதானமாக வாசித்துக் கேள்வி கேட்கும் இடம். சங்கத்துப் பிரதிநிதி நாற்காலியில் அமர்ந்து பேசக்கூடிய ஒரே இடம். மக்களவையிலிருந்து 21 பேரும் மாநிலங்களவையிலிருந்து 10 பேருமாக 31 அங்கத்தினர் கொண்ட விவசாய நிலைக்குழு, 2024 டிசம்பரில், குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் வேண்டும் என்றும், விவசாயிகளுக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் 6,000 ரூபாய் உதவியை 12,000 ஆக்க வேண்டும் என்றும் சிபாரிசு செய்தது. சர்க்காரைக் கட்டுப்படுத்தாத சிபாரிசுதான். ஆனாலும் பல கட்சியினர் அமர்ந்த குழுவின் வாயிலிருந்து வந்ததால், அதைத் தெருக் கோஷம் என்று ஒதுக்க யாராலும் முடியவில்லை.

மசோதாவைத் தாங்களே எழுதிக்கொண்டு சென்றவர்களும் உண்டு. கடன் விடுதலைக்கும் ஆதரவு விலை உரிமைக்குமாக நாடு முழுவதுமிருந்து விவசாயிகள் அமைப்புகள் சேர்ந்து தயாரித்த இரு மசோதாக்களை, 2018ஆம் ஆண்டில், மகாராஷ்டிர விவசாயத் தலைவரும் மக்களவை அங்கத்தினருமான ராஜு ஷெட்டி தனிநபர் மசோதாக்களாகக் கொண்டுவந்தார். அவை சட்டமாகவில்லை, சுதந்திர இந்தியாவில் இதுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14தான், கடைசியாக ஒன்று நிறைவேறியது 1970இல். எனினும் வேண்டும் என்று கேட்பதை ஷரத்து ஷரத்தாக எழுதிக் காட்டும் பயிற்சி அந்த முயற்சியில் பலருக்குக் கிடைத்தது.

தூது செல்வோர் யார்?

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர், நிலமுடையோரில் 93 சதவீதத்தினர் சிறு, குறு விவசாயிகள். ஆனால் சென்னைக்கும் டில்லிக்கும் செல்லும் குழுக்களில் இரண்டு மா, மூன்று மா சாகுபடி செய்கிறவரைக் காண்பது அரிது. ரயில் கட்டணமும் நான்கு நாள் வேலை நஷ்டமும் அவருக்குத் தாங்காது.

குத்தகைதாரரின் நிலைமை இன்னும் மோசம். 1969ஆம் ஆண்டிலேயே குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டபோதிலும், வாய்மொழிக் குத்தகையே ஊரெங்கும் நடக்கிறது. பட்டா ஒருவர் பெயரில், வியர்வை மற்றொருவருடையது; பயிர்க் காப்பீட்டுக்கும் கூட்டுறவுக் கடனுக்கும் கொள்முதல் நிலையத்துக்கும் அடங்கல் நகல் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் நிற்கும்போது, நில உடைமையாளரின் தயவில்லாமல் அவருக்கு ஒன்றும் நடக்காது. களையெடுக்கும் நாற்று நடும் பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கூலி உயர்வு என்பது சங்க மனுக்களில் செலவுக் கணக்காக மட்டுமே வருகிறது. இவர்கள் இல்லாத குழு விவசாயத்தைப் பற்றிப் பேசலாம், அதன் பாதியைத்தான் பேசும்.

சங்கம் என்பது பலம் என்பதைக் கொங்கு நாட்டு விவசாயிகளுக்கு எடுத்துக்காட்டியவர் நாராயணசாமி நாயுடு. மின்கட்டணத்துக்காக 1972ஆம் ஆண்டில் கோவை நகரத் தெருக்களை மாட்டு வண்டிகளால் அடைத்துவிட்ட அந்தப் போராட்டத்தின் நினைவு, பின்னால் வந்த எந்த ஆட்சியையும் பம்புசெட் மின்சாரத்தில் கைவைக்கத் தயங்கச் செய்தது. போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. போராட்டம் ஒன்றைத் தடுக்க வல்லது. சட்டத்தின் வாசகத்தைத் திருத்தி எழுதுவதற்கு மேஜையருகே அமர்ந்தாக வேண்டும்.

அமெரிக்காவில் இதற்கென்று பயிற்சியே தருகிறார்கள். கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் வேளாண் தலைமைப் பயிற்சித் திட்டத்தில், தேர்ந்தெடுக்கப்பட்ட விவசாயிகளும் விவசாயத் தொழிலைச் சேர்ந்தவர்களும் சட்டமியற்றும் முறையைக் கற்று, தலைநகரங்களுக்குச் சென்று அங்கத்தினர்களைச் சந்தித்துத் திரும்புகிறார்கள். ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒரு முறை அந்நாட்டு விவசாயச் சட்டம் புதிதாக எழுதப்படுவதால், எப்போது யாரைப் பார்க்க வேண்டும் என்பது முன்கூட்டியே எல்லாருக்கும் தெரிகிறது. பணமுள்ள பெருங்கம்பெனிகளின் தரகர்களும் அதே வாசலில் நிற்கிறார்கள் என்பதால் அந்த ஏற்பாட்டை அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை. முன்கூட்டியே தேதி தெரிவது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

செய்யத்தக்கவை

முதலாவது, விவசாயத்தைத் தொடும் எந்த வரைவும் தமிழில் வெளிவர வேண்டும். மசோதாக்களைக் குறைந்தது 30 நாள் பொதுஜன அபிப்பிராயத்துக்கு வைக்க வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2014ஆம் ஆண்டில் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட கொள்கை இருக்கிறது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் வரும் வரைவைப் பெயர்த்து, நான்கு பக்கச் சுருக்கத்தோடு ஊராட்சி அலுவலகங்களுக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் அனுப்பும் பொறுப்பை மாநில வேளாண் துறை மேற்கொள்ளலாம். மொழிபெயர்ப்பாளர்களுக்கும் தபாலுக்கும் ஆகும் செலவு ஒரு துவக்க விழாவின் பந்தல் செலவுக்குக் கீழே இருக்கும். அறுவடையும் நடவும் புயலும் சேரும் மாதங்களில் அவகாசத்தை 60 நாளாக்கும்படி நம் பாராளுமன்ற அங்கத்தினர்கள் கட்சி வேறுபாடின்றிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது சங்கங்களின் பொறுப்பு. சந்திப்புக்கு ஒரு விஷயம், ஒரு பக்கம், ஒரு ஷரத்து என்று கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் என்றால் ஈரப்பதம் மட்டும்: அக்டோபர், நவம்பர் அறுவடைக்கு டெல்டா ஜில்லாக்களில் தளர்த்தப்பட்ட அளவு, குழு வருகைக்குக் காத்திராமல் நிலையான உத்தரவாக இருக்கட்டும் என்ற ஒரே வேண்டுகோள். குழுவில் ஒரு குத்தகைதாரரும், விவசாயக் கூலிப் பெண் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். அவர்களுடைய பயணச் செலவையும் கூலி நஷ்டத்தையும் சங்க நிதியிலிருந்து கொடுக்கட்டும்.

மூன்றாவது, மந்திரி சட்டசபையில் கொடுத்த உறுதிமொழியை மறந்துவிடக் கூடாது. அரசு உறுதிமொழிக் குழு என்ற ஒன்று சட்டசபையில் இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதத்தில் இன்ன தடுப்பணை, இன்ன கிடங்கு என்று சொல்லப்பட்டவை நிறைவேறினவா என்று பார்ப்பதே அதன் வேலை. சபைக் குறிப்பின் தேதியைக் காட்டி அக்குழுவுக்கு எழுதும் கடிதத்துக்கு, மந்திரியின் கையில் கொடுக்கும் சால்வையைவிட வலு அதிகம்.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது: நம் சட்டசபைக்கு விவசாயத்துக்கென ஒரு துறைசார் குழு வேண்டும். பொதுக் கணக்கு, மதிப்பீடு, மனுக்கள் முதலியவற்றுக்குக் குழுக்கள் உள்ள தமிழ்நாட்டுச் சட்டசபையில், துறைவாரியாக மசோதாக்களை ஆராயும் நிலைக்குழுக்கள் இல்லை. பக்கத்துக் கேரளத்தில் 1980ஆம் ஆண்டு முதல் அத்தகைய குழுக்கள் இருந்துவருகின்றன. எல்லாக் கட்சி அங்கத்தினர்களும் அமர்ந்து, மசோதாவை வாசித்து, தஞ்சையிலும் தருமபுரியிலும் பொள்ளாச்சியிலும் கூடி, சாட்சி சொல்ல வருகிறவருக்கு நாற்காலி போட்டுக் கேட்கும் குழுவொன்று 2023 ஏப்ரலில் இருந்திருக்குமானால், நில ஒருங்கிணைப்பு மசோதா ஒரே நாளில் வாசலைத் தாண்டியிருக்காது.

இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. தன் நடவடிக்கை விதிகளைத் தானே வகுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசியல் சாசனத்தின் 208ஆம் ஷரத்து சட்டசபைக்கு அளித்திருக்கிறது. டில்லியின் அனுமதியும் கவர்னரின் கையெழுத்தும் இல்லாமல், அடுத்த கூட்டத் தொடரிலேயே ஒரு விதித் திருத்தத்தால் இக்குழுவை அமைத்துவிடலாம்.